கம்யூனிட்டி காலேஜுக்குப் படியளப்பது யார்?

டெக்சாஸில் இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "என் தம்பி மகன் கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு (பாட அளவு) 46 டாலர் கட்டிப் படிக்கிறான். எங்கள் ஊரில் என்னடா என்றால், ஒரே காலேஜ், ஒரே வகுப்பு, ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு ஃபீஸ், அந்தப் பக்கம் இன்னொரு ஃபீஸ். எல்லாமே அரசு காலேஜ்தானே? மாநில அரசு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது? சில மாநிலங்களில் இலவசம் என்கிறார்களே, அதை நம்பலாமா? அடுத்த வருடம் மகளைச் சேர்க்க வேண்டும்."

நம் ஆட்கள் பலருக்கும் இதே குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் அரசுக் கல்லூரி என்றால் சம்பளம், கட்டடம், மின்கட்டணம் எல்லாம் அரசு கஜானாவிலிருந்துதான் போகும். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, இரண்டு வருடப் படிப்பு தரும் அமெரிக்க கம்யூனிட்டி காலேஜைப் பார்த்தால் ஒன்றுமே புரியாது. நான் சில ஆண்டுகள் இப்படிப்பட்ட ஒரு காலேஜின் கணக்குப் பிரிவில் இருந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. இந்தக் காலேஜ்களுக்கு மூன்று பைகளிலிருந்து பணம் வருகிறது: மாநில அரசின் மானியம், உள்ளூர் சொத்து வரி, மாணவர் கட்டும் கட்டணம். ஏழை மாணவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பெரிய உதவியான பெல் கிராண்ட் மாணவரின் பெயரில் வருவது, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று பைகளின் விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழாக மாறும். இல்லினாயில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய இலட்சியம். வாஷிங்டன், ஃப்ளோரிடா, மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் காலேஜுக்கென்று உள்ளூர் சொத்து வரியே கிடையாது. அரிசோனாவில் மரிகோபா, பிமா என்ற இரண்டு பெரிய காலேஜ் மாவட்டங்களுக்கு (காலேஜ்களை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) நடைமுறைச் செலவுக்கான மானியத்தை 2015 பட்ஜெட்டில் மாநிலம் மொத்தமாக நிறுத்திவிட்டது. மரிகோபா என்றால் ஃபீனிக்ஸைச் சுற்றிப் பத்து காலேஜ்கள். சொத்து வரியும் ஃபீஸும் இருந்ததால் அவை பிழைத்துக்கொண்டன.

ஏன் இப்படி ஆளுக்கொரு விதம்? பிறந்த விதம் அப்படி. 1901-ல் இல்லினாயின் ஜோலியட் நகரில் ஒரு உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டிக்கொண்டு, ஆறு மாணவர்களோடு தொடங்கியதுதான் நாட்டின் மிகப் பழைய பொது ஜூனியர் காலேஜ். கம்யூனிட்டி காலேஜின் பழைய பெயர் அது. கலிஃபோர்னியாவில் 1907-ல் வந்த சட்டமும் உயர்நிலைப் பள்ளிகள் அதற்கு மேல் இரண்டு வருடப் பாடம் நடத்தலாம் என்றுதான் சொன்னது. பள்ளிக்கூடத்தின் பிள்ளையாகப் பிறந்ததால், பள்ளிக்கூடத்தைப் போலவே உள்ளூர் வரியைச் சாப்பிட்டு வளர்ந்தது. மாநில அரசு பின்னாளில்தான் பெரிய அளவில் உள்ளே வந்தது.

சரி, உங்கள் தம்பி மகனின் 46 டாலருக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாநில உதவி என்ற இயந்திரம் உள்ளே எப்படிச் சுற்றுகிறது என்பது இதில்தான் தெளிவாகத் தெரியும்.

1984 வரை கலிஃபோர்னியாவில் உள்ளூர் மாணவருக்குக் கட்டணமே இல்லை. 1978-ல் மக்கள் ஓட்டுப்போட்டு 13-ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். வீட்டின் மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் சொத்து வரி கூடாது, அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது அதன் சாரம். காலேஜ்களின் முக்கிய வருமானம் ஒரே இரவில் சுருங்கியது. மாநில அரசு தூக்கிப் பிடித்தது, அதோடு கடிவாளமும் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குப் போய்விட்டது. ஆறு வருடத்தில் யூனிட்டுக்கு 5 டாலர் என்று கட்டணம் முளைத்தது. 1988-ல் வந்த 98-ஆம் முன்மொழிவு பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் சேர்த்து மாநில வருவாயில் ஒரு குறைந்தபட்சப் பங்கை உறுதி செய்தது. அதில் காலேஜ்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 11 சதவீதம்.

இப்போது ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். மூன்று யூனிட் கணக்கியல் வகுப்பில் சேர்கிறார். கட்டணம் 138 டாலர். மாநிலம் இவரை எப்படி எண்ணும்? 525 மணி நேர வகுப்பு சேர்ந்தால் ஒரு முழுநேர மாணவர் என்று கணக்கு. இந்த ஒரு வகுப்பு ஏறக்குறைய ஐம்பத்திரண்டரை மணி நேரம், ஆக இவர் பத்தில் ஒரு மாணவர். ஒரு முழு மாணவருக்கு அடிப்படைத் தொகை 5,200 டாலரைத் தாண்டிவிட்டது என்பதால், இந்த வகுப்பில் இவர் உட்கார்ந்திருப்பதற்கு காலேஜ் கணக்கில் எழுதப்படுவது சுமார் 520 டாலர்.

எண்ணும் நாள் ஒன்று உண்டு. சென்சஸ் டே என்பார்கள். பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு கழியும்போது வரும். அன்றைக்குப் பட்டியலில் இருப்பவர்கள்தான் தலைக்கணக்கு. வராதவர்களை அதற்குள் ஆசிரியர் நீக்கியாக வேண்டும். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ஃபோன் ஓயாது. மாலை வகுப்பு எடுக்கும் ஒரு பகுதிநேர ஆசிரியர் வந்து நிற்பார்: "பட்டியலில் 34 பேர், வகுப்பில் 29 பேர். ஒருத்தர் மெயில் போட்டிருக்கிறார், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்று. வைக்கவா, எடுக்கவா?" வைத்தால் 520 டாலர். ஆனால் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் இருக்க வேண்டும். சென்சஸ் முடிந்த மறுநாள் அந்த மாணவர் வகுப்பை விட்டுவிட்டாலும் அந்தத் தலை எண்ணப்பட்டதுதான். ஒரு மாணவர் படித்து முடித்தாரா என்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு நாளில் இருந்தாரா என்பதில் ஒரு நிறுவனமே கண்ணாக இருப்பதை அங்கேதான் பார்த்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது. எதை எண்ணிப் பணம் தருகிறார்களோ, அதில்தான் எல்லோர் கவனமும் போகும்.

2018-19-ல் இந்தக் கணக்கை மாற்றினார்கள். எழுபது சதவீதம் தலைக்கணக்குக்கு, இருபது சதவீதம் ஏழை மாணவர் எண்ணிக்கைக்கு, பத்து சதவீதம் பட்டம், டிரான்ஸ்பர் (பல்கலைக்கழகத்துக்கு மாறுவது) போன்ற பலன்களுக்கு என்று வைத்தார்கள். தலைக்கணக்கையும் மூன்றாண்டுச் சராசரியாக்கினார்கள். சென்சஸ் வாரப் பதற்றம் கொஞ்சம் குறைந்தது, போய்விடவில்லை.

அடுத்து, பெரும்பாலானோருக்குத் தெரியாத விஷயம். கட்டணத்தை ஏற்றினால் காலேஜுக்குக் கூடுதல் பணம் கிடைக்கும் என்றுதானே நினைப்போம்? கலிஃபோர்னியாவில் அப்படியில்லை. ஒரு மாவட்டத்துக்கு இவ்வளவு சேர வேண்டும் என்று சூத்திரப்படி முதலில் முடிவாகும். அதிலிருந்து உள்ளூர் சொத்து வரியையும் மாணவர் கட்டணத்தையும் கழித்துவிட்டு மீதியைத்தான் மாநிலம் தரும். ஆகவே ஃபீஸ் ஏறினால் மாநிலத்தின் பாரம்தான் குறையும், காலேஜின் கையில் இருப்பது அப்படியேதான் இருக்கும். கட்டணத்தை முடிவு செய்வதும் காலேஜ் அல்ல, சட்டமன்றம். 2009-ல் 20 டாலராக இருந்த யூனிட் கட்டணம் அதே ஆண்டில் 26 ஆனது, 2011-ல் 36, 2012-ல் 46. அந்த ஆண்டுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது உங்களுக்கே தெரியும். பொருளாதாரச் சரிவு, கஜானா காலி. அதன்பிறகு அந்த 46 நகரவேயில்லை.

இந்தக் கழித்தல் கணக்கில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சான் மட்டேயோ, மரின் போன்ற பணக்கார மாவட்டங்களில் சொத்து வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிடும். அங்கே மாநிலம் கழித்துக் கொடுக்க ஒன்றுமில்லை, மிஞ்சியதைக் காலேஜ் வைத்துக்கொள்ளலாம். அந்த மாவட்டங்களுக்கு சென்சஸ் நாள் வயிற்றைக் கலக்காது. சிலிக்கான் வேலியில் வீட்டு விலை ஏறினால் சில காலேஜ்களின் ஆய்வகத்துக்குப் புது உபகரணம் வரும். சென்ட்ரல் வேலியில் இருக்கும் காலேஜ் சாக்ரமெண்டோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரே மாநிலம், ஒரே 46 டாலர்.

சரிவுக் காலத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் முடித்துவிடுகிறேன். மாநிலப் பட்ஜெட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் வரவும் செலவும் சரிக்கட்ட வேண்டும். சிறைச்சாலையையோ மருத்துவ உதவித் திட்டத்தையோ சட்டென்று வெட்ட முடியாது. உயர்கல்வியை வெட்டலாம், அவர்கள் ஃபீஸ் வாங்கிச் சமாளித்துக்கொள்வார்கள் என்று ஒரு எண்ணம். பெரிய பல்கலைக்கழகத்துக்கு வெளிமாநில மாணவர், நன்கொடை, ஆராய்ச்சி நிதி என்று வேறு வழிகள் உண்டு. கம்யூனிட்டி காலேஜுக்கு எதுவும் கிடையாது. ஆனால் வேலை போனவர்கள் தேடி வருவது இங்கேதான். பந்தியில் கூட்டம் சேரச் சேர சாம்பாரில் தண்ணீர் ஊற்றுகிற கதை. கலிஃபோர்னியாவில் 2008-09-ல் 29 லட்சம் பேர் படித்தார்கள், 2011-12-ல் 24 லட்சம். படிக்க ஆள் வராமல் இல்லை. வகுப்புகளை வெட்டியதால் உட்கார இடமில்லை. கதவு திறந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று சொல்லும் காலேஜ் ஒரு மாணவரைத் திருப்பி அனுப்பும் விதம் இதுதான்: சேர்த்துக்கொள்ளும், ஆனால் தேவையான வகுப்பில் வெயிட்டிங் லிஸ்டில் நாற்பதாவது ஆளாக வைக்கும்.

பகுதிநேர ஆசிரியர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கும் இதுவே காரணம். அடுத்த வருட மானியம் எவ்வளவு என்று தெரியாத காலேஜ் நிரந்தர வேலை கொடுக்கத் தயங்கும். காலையில் ஒரு காலேஜ், மதியம் முப்பது மைல் தள்ளி இன்னொன்று என்று ஓடுகிறவர்களை ஃப்ரீவே ஃப்ளையர் என்றே கூப்பிடுவார்கள். உங்கள் மகளின் ஆசிரியர் காருக்குள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இல்லினாய் இன்னொரு பாடம். ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் ஒத்துவராமல் 2015 ஜூலையிலிருந்து இரண்டு ஆண்டுகள் முழு பட்ஜெட்டே இல்லாமல் மாநிலம் ஓடியது. ஏழை மாணவர்களுக்கான மாநில உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. சில காலேஜ்கள் கைக்காசைப் போட்டு மாணவர்களைக் காப்பாற்றின, சில கையை விரித்தன. வித்தியாசம் எங்கே என்றால், சொத்து வரி பலமாக உள்ள புறநகர் மாவட்டம் தாங்கியது, தொழிற்சாலை மூடிய ஊர்க் காலேஜ் தள்ளாடியது. மூன்று பைகள் இருப்பது வெறும் சிக்கல் அல்ல என்பதற்கும் இதுவே சாட்சி.

வட கரோலினா பங்கீடு எனக்கு ரொம்பப் பிடித்தது. 58 காலேஜ்கள். பாடம் நடத்தும் செலவு பெரும்பாலும் மாநிலத்துடையது, கட்டடமும் பராமரிப்பும் கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகத்துடையது. அதாவது ஆசிரியர் சம்பளம் தலைநகர் ராலியிலிருந்து வரும், ஏசி ரிப்பேருக்குக் கவுண்டி ஆணையரிடம் போய் நிற்க வேண்டும். நல்ல வெல்டிங் ஆசிரியர் கிடைத்து, பட்டறைக்குக் கூரை ஒழுகுகிற நிலையும் வரலாம்.

இப்போது உங்கள் டெக்சாஸ். 50 காலேஜ் மாவட்டங்கள். மாவட்டம் என்பது இங்கே வெறும் பெயரல்ல, அது ஒரு வரி எல்லை. அந்த எல்லைக்குள் இருப்பவர்கள் காலேஜுக்கென்று சொத்து வரி கட்டுகிறார்கள், அதனால் அவர்களுக்குக் குறைந்த ஃபீஸ். எல்லைக்கு வெளியே இருந்து வருகிறவர் மாநில வரி கட்டியிருக்கலாம், ஆனால் இந்தக் காலேஜுக்குக் கட்டவில்லை. ஆகவே கூடுதல் ஃபீஸ். எல்லையை நீட்டுவதும் ஓட்டில்தான். ரவுண்ட் ராக் பள்ளி மாவட்டம் 2008-ல் ஓட்டுப்போட்டு ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜின் வரி எல்லைக்குள் சேர்ந்தது. 2010-ல் அங்கே வளாகம் திறந்தது. புது வரி ஒன்று வந்தது, அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் இறங்கியது. இப்படிச் சேர மறுத்த ஊர்களும் உண்டு. நீங்கள் சொன்ன "எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்பது இதுதான்.

மாநிலத்தின் பங்கு? அதுவரை வகுப்பு மணி நேரத்தை எண்ணுவதையே முதன்மையாக வைத்திருந்த டெக்சாஸ், 2023-ல் அவை மசோதா 8 மூலம் அடியோடு மாறியது. இப்போது எத்தனை மாணவர்கள் பட்டமோ சான்றிதழோ பெற்றார்கள், எத்தனை பேர் குறைந்தது 15 கிரெடிட் (யூனிட் போன்ற பாட அளவு) முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள், உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே எத்தனை பேர் 15 கிரெடிட் எடுத்தார்கள் என்று பார்த்துத்தான் மாநிலப் பணத்தில் பெரும்பகுதி வருகிறது. ஏழை மாணவர், படிப்பில் பின்தங்கியவர், 25 வயதைத் தாண்டியவர் என்றால் கூடுதல் மதிப்பெண். நல்ல யோசனைதான், என் அனுபவத்துக்கு சென்சஸ் நாள் கூத்தைவிட மேல். ஆனால் ஒரு எச்சரிக்கை. வாஷிங்டன் மாநிலம் 2007-லேயே இது போன்ற ஒன்றைத் தொடங்கியது. பின்னர் ஆய்வாளர்கள் பார்த்தபோது குறுகிய காலச் சான்றிதழ்கள் பெருகியிருந்தன, இரண்டு வருடப் பட்டங்கள் பெரிதாகக் கூடியிருக்கவில்லை. காலேஜ் எளிதாகக் காய்க்கிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும். டெக்சாஸ் இதைத் தெரிந்துகொண்டுதான் சந்தையில் மதிப்புள்ள சான்றிதழுக்கு மட்டும் பணம் என்று நிபந்தனை போட்டிருக்கிறது. ஆகவே ஆலோசகர் உங்கள் மகளிடம் "இந்தச் சான்றிதழையும் சேர்த்து எடுத்துக்கொள்" என்றால், அது அவளுக்கு உதவுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இலவசம் என்ற சொல்லுக்கு வருவோம். டென்னசிதான் இதில் முன்னோடி. லாட்டரி வருமானத்தில் சேர்ந்திருந்த 30 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை ஒரு நிதியமாக்கி, 2014-ல் சட்டம் போட்டு, 2015-ல் பள்ளி முடித்தவர்களிலிருந்து தொடங்கினார்கள். இதைக் கடைசி டாலர் திட்டம் என்பார்கள். முதலில் பெல் கிராண்ட் முதலிய எல்லா உதவியையும் கழித்துவிட்டு, ஃபீஸில் துண்டு விழுந்தால் அதை மாநிலம் போடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு பெல் கிராண்ட் 7,395 டாலர். ஃபீஸ் நாலாயிரத்துச் சொச்சம் என்றால், பரம ஏழை மாணவருக்கு ஃபீஸ் ஏற்கெனவே அடைந்துவிட்டது, மாநிலம் ஒரு பைசா தர வேண்டியதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு பெல் கிடையாது, எனவே முழு ஃபீஸும் மாநிலம் கட்டும். இலவசம் என்ற பலகையைப் பார்த்து ஏழைப் பிள்ளைகள் துணிந்து உள்ளே வந்தார்கள் என்பது உண்மை, அதற்கு மதிப்புண்டு. பணம் அவர்களுக்குப் போகவில்லை என்பதும் உண்மை.

கலிஃபோர்னியா வரிசை வேறு. வருமானம் குறைந்தவருக்கு முதலிலேயே ஃபீஸைத் தள்ளுபடி செய்துவிடும். பெல் பணம் கையில் மிஞ்சும், வாடகைக்கும் புத்தகத்துக்கும் உதவும். அங்கே கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்த 46 டாலரைக் கட்டுவதே இல்லை. மாசசூசெட்ஸ் 2022-ல் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் மீது நான்கு சதவீதக் கூடுதல் வரி கொண்டுவந்து, அந்தப் பணத்தை வைத்து 2023-ல் 25 வயதைத் தாண்டியவர்களுக்கும், 2024-ல் பட்டம் இல்லாத எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜை இலவசமாக்கியது. வருமானம் குறைந்தவர்களுக்குப் புத்தகச் செலவுக்கு 1,200 டாலர் வரை கூடவே தருகிறது. என்னைக் கேட்டால் ஃபீஸைவிட அந்த 1,200 முக்கியம். பாதியில் நின்றவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். ஃபீஸ் கட்ட முடியவில்லை என்றவர்கள் குறைவு, கார் ரிப்பேர், வேலை நேரம் மாறிவிட்டது, வாடகை ஏறிவிட்டது என்றவர்களே அதிகம்.

நம்பலாமா என்றால், ஒன்றைப் பாருங்கள்: திட்டத்துக்குத் தனி நிதி இருக்கிறதா, இல்லை ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் கையேந்த வேண்டுமா. டென்னசி முதல் வகை. மாசசூசெட்ஸில் அந்தக் கூடுதல் வரி இருந்தாலும், திட்டத்துக்கு எவ்வளவு என்பது ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில்தான் முடிவாகும். ஒன்றிய அரசு அளவில் ஒபாமா 2015-ல் முன்மொழிந்தார், பைடன் 2021-ல் முயன்றார், இரண்டும் நிறைவேறவில்லை. ஆகவே இது மாநிலங்களின் கையில்தான் இருக்கிறது, இருக்கும்.

விசா விஷயம் ஒரு வரியில்: குறைந்த கட்டணம் எல்லாம் அந்த மாநிலத்தில் வசிப்பவர் என்று நிரூபித்தவருக்கே. கலிஃபோர்னியாவில் ஓராண்டும் ஒரு நாளும் வசித்திருக்க வேண்டும். எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்கள் அங்கே தகுதி பெற முடியும், எஃப்-1 மாணவர்கள் முடியாது. தகுதி இல்லாதவருக்கு மாநிலம் தலைக்காசு தராது, அதனால்தான் காலேஜ் முழுச் செலவையும் அவரிடமே வாங்குகிறது.

உங்கள் மகளுக்கு என்ன ஃபீஸ் என்று தெரிய காலேஜுக்கு ஃபோன் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். போன வருட சொத்து வரி ரசீதை எடுங்கள். கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம் என்று வரிசையாக இருக்கும். அதில் காலேஜின் பெயரில் ஒரு வரி இருந்தால் நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள், இத்தனை வருடமாக அந்தக் காலேஜுக்குப் பணமும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இல்லையென்றால், பக்கத்து மாவட்டக் காலேஜின் கட்டணத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.